அம்மா முதியோர் இல்லத்துக்குப் போகிறார்: வீட்டை யார் பெயரில் விடுவது?

இல்லத்தில் இடம் கிடைத்த வாரத்தில்தான் அநேகமான வீடுகளில் றங்குப்பெட்டி திறக்கப்படுகிறது. யாருக்கு வீடு என்று பேசுவதற்கு முன் பெட்டிக்குள் இருப்பது என்ன கடதாசி என்று பாருங்கள். வன்னியில் பாதிச் சண்டை உறுதிக்காணியையும் (சொந்த உறுதியுள்ள தனியார் காணி) பெர்மிட் காணியையும் (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

பெர்மிட் காணியை முதலில் எடுக்கிறோம், ஏனெனில் இங்கே அதில்தான் அதிகம் பிழை நடக்கிறது. விசுவமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் கொடுக்கப்பட்ட காணிகள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. இவற்றைப் பிள்ளைகளுக்கு நினைத்தபடி பங்குபோட்டு எழுத முடியாது. அளிப்புப் பத்திரம் (பெர்மிட்டுக்கு அடுத்த படியாக அரசு கொடுக்கும் 'கிராண்ட்') கிடைத்த காணியைக்கூடப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அந்த உறுதி செல்லாது. இங்கே சரியான வழி பின்னுரித்தாளர் நியமனம், அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பெயர் குறிப்பது. பிரதேச செயலகத்தின் காணிப்பிரிவில் படிவத்தில் கையொப்பமிட்டு, அதைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதிவு அனுமதிப்பத்திரக்காரர் உயிரோடு இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். படிவம் கோப்பில் கிடந்து, பதிவுக்குப் போகாமலே தகப்பன் இறந்துபோனால், அந்த நியமனம் இல்லாததற்குச் சமம்.

நியமனத்தின் பெரிய நன்மை, மனம் மாறினால் மாற்றலாம் என்பது. இல்லத்துக்குப் போன பிறகு ஒரு பிள்ளை எட்டிப் பார்க்காவிட்டால், அந்தப் பிள்ளையின் சம்மதம் கேட்காமலே நியமனத்தை இரத்துச் செய்து வேறொருவரைப் போடலாம். நியமனமே இல்லாவிட்டால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வரிசைப்படி காணி போகும். அந்த வரிசையில் பெண்பிள்ளைகளுக்கு முன் ஆண்பிள்ளைகள் நின்ற நிலையை 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மாற்றியது. ஆனாலும் "மூத்தவனுக்குத்தானே" என்ற பேச்சு இன்னும் நிற்கவில்லை.

மூன்று இடங்களில் பிழை வரும். பெர்மிட் அப்பாவின் பெயரில் இருந்து, அவர் இறந்த பிறகு அம்மா அனுபவித்து வந்தால், அம்மாவுக்கு இருப்பது ஆயுட்கால உரிமை மட்டுமே. அப்பா செய்த நியமனத்தை அவரால் மாற்ற முடியாது, புதிதாக ஒருவரை நியமிக்கவும் முடியாது. இது தெரியாமல் நடுங்குகிற கையைப் பிடித்துக் கையொப்பம் வாங்க அலைகிறார்கள். அந்த அலைச்சலால் ஒரு பலனும் இல்லை. அடுத்தது, பின்னுரித்தாளர் 6 மாதத்துக்குள் காணியைப் பொறுப்பெடுக்க வேண்டும் என்ற விதி. கனடாவில் இருக்கும் மகனை நியமித்துவிட்டு, விசாவுக்காகக் காத்திருந்து உரிமையைத் தவறவிடக்கூடாது. மூன்றாவது, அம்மா இல்லத்துக்குப் போனதும் வளவைப் பூட்டிப் பற்றைக்காடாக விடுவது. குடியிருக்கவில்லை, பயிர் செய்யவில்லை என்று நிபந்தனை மீறல் அறிவித்தல் வரலாம். யாராவது ஒரு பிள்ளை அங்கே இருப்பது நல்லது. இருக்கிறவர் அம்மாவின் சார்பில்தான் இருக்கிறார் என்று காணி உத்தியோகத்தருக்கு ஒரு கடிதமும் கொடுத்து வையுங்கள்.

உறுதிக்காணி என்றால் நன்கொடை உறுதியா, மரணசாசனமா என்பதே உண்மையான போட்டி.

நன்கொடை உறுதியை நொத்தாரிசினதும் இரண்டு சாட்சிகளினதும் முன்னிலையில் முடிக்க வேண்டும். வாங்குகிற பிள்ளை அதை ஏற்றுக்கொண்டதாகவும் எழுதப்பட வேண்டும். சீவிய உரித்தைத் தமக்கு வைத்துக்கொண்டு எழுதினால், சாகும்வரை அந்த வீட்டில் இருக்கவும் அதை வாடகைக்கு விட்டுப் பணத்தை எடுக்கவும் பெற்றாருக்கு உரிமை உண்டு. இல்லத்துக்கு மாதக் கட்டணம் கட்ட வேண்டிய குடும்பத்துக்கு இந்த ஒரு வரிதான் உயிர். "சீவிய உரித்தும் அதனால் வரும் வாடகை வருமானமும் எனக்கே உரியது" என்று தெளிவாக இருக்கிறதா என வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாமல் முடித்த உறுதியால், தான் கட்டிய வீட்டின் வாடகையில் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாமல் தாய் நிற்க நேரிடும்.

குறை என்னவென்றால், எழுதினால் திரும்புவது கடினம். மீளப்பெற முடியாத நன்கொடையை மோசமான நன்றிகெட்ட நடத்தையைக் காட்டி இரத்துச் செய்ய வேண்டுமானால், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றக் கட்டளை வேண்டும். இன்னொரு இரத்து உறுதி எழுதிவிட்டால் போதாது. எண்பது வயதில் வழக்குப் பேச யாருக்குத் தெம்பு இருக்கிறது? வைத்தியச் செலவுக்கு வீட்டை விற்க நேர்ந்தாலும், வாங்கிய பிள்ளையின் கையொப்பம் இல்லாமல் விற்க முடியாது.

மரணசாசனத்தில் இந்தக் கட்டு இல்லை. வீடு பெற்றாரின் பெயரிலேயே இருக்கும்; விற்கலாம், ஈடு வைக்கலாம், சாசனத்தை மாற்றி எழுதலாம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். இறந்த பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும் என்பதே இதன் சுமை. அதற்குக் காலமும் காசும் போகும், மற்றப் பிள்ளைகள் எதிர்க்கவும் இடமுண்டு. அப்படியிருந்தும், பராமரிப்பு எத்தனை வருடம் நீளும் என்று தெரியாத நிலையில் எங்கள் தெரிவு மரணசாசனம்தான். பிள்ளைகள் எல்லாரும் ஒரே சொல்லில் நின்றால் மட்டும் சீவிய உரித்தோடு நன்கொடை.

எதை எழுதினாலும் அம்மா தன் பங்கைத்தான் எழுதலாம். அப்பா மணவாழ்க்கையில் விலைக்கு வாங்கிய தேடியதேட்டக் காணி, அவர் சாசனம் எழுதாமல் இறந்தார், பிள்ளைகள் மூவர் என்று வையுங்கள். அம்மாவுக்கு 1/2, ஒவ்வொரு பிள்ளைக்கும் 1/6. அம்மா "முழு வீட்டையும்" கடைசி மகளுக்கு எழுதினாலும் மகளுக்குச் சேர்வது 2/3. மீதி இரண்டு பேரின் தலா 1/6 அப்படியே நிற்கும். தேசவழமைக்கு (வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட மனைவி தன் காணியை உயிரோடிருக்கும்போது கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை. கணவன் இருக்குமிடமே தெரியாத பெண்கள் வன்னியில் எத்தனையோ பேர். அவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை பெறலாம். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் தேசவழமை தமக்குப் பொருந்துமா என்பதை நொத்தாரிசிடம் முதலிலேயே கேட்க வேண்டும்.

அற்றோணித் தத்துவத்தை (தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) சிலர் நாலாவது வழியாக நினைக்கிறார்கள். வாடகை வாங்க, கரண்ட் பில் கட்ட, வங்கிக்குப் போக அது உதவும். இறந்த அன்றே அது முடிந்துவிடும். வாரிசுரிமைக்கு அதில் ஒன்றும் இல்லை.

வீட்டுத்திட்ட வீடுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா கிடைத்தது. மிச்சத்தை நகை அடைவு வைத்துப் போட்டுக் கட்டி முடித்தவர்கள் ஏராளம். பயனாளி மகள், காணி தாயின் பெயரில் என்றால் வீடு காணியோடுதான் போகும். மகள் செலவுக்கு இழப்பீடு கோரலாமே தவிர, பயனாளிப் பட்டியலில் பெயர் இருப்பதால் காணி அவளுக்கு வராது. தாய்க்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே நியமனத்தையோ சாசனத்தையோ அந்த மகளின் பெயரில் செய்வதுதான் நியாயம். மற்றவர்களுக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டுமென்றால் அதையும் சாசனத்தில் எழுதலாம்.

கையொப்ப நாளில் கவனிக்க வேண்டியவை சில. அன்றோ முதல் நாளோ வைத்தியரைக் கொண்டு, விளங்கி முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார் என்று கடிதம் எடுங்கள். காணியைப் பெறப்போகிற பிள்ளை அறையில் நிற்க வேண்டாம். நொத்தாரிசை இல்லத்துக்கே கூட்டி வரலாம். உறுதியைத் தமிழில் வாசித்துக் காட்டி, "எந்தக் காணி, யாருக்கு" என்று அம்மாவின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். கை நடுங்கிப் பழைய கையொப்பம் வராவிட்டால் பெருவிரல் அடையாளம் போதும். மறதிநோய் முற்றிய பிறகு இவை எதுவும் நிற்காது. அப்போது மாவட்ட நீதிமன்றத்தில் ஆதன முகாமையாளர் (அவரது சொத்தைப் பார்த்துக்கொள்பவர்) நியமனம் கேட்பதே மிஞ்சும்.

எழுதி வாங்கிய பிள்ளை பிறகு கைவிட்டால், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பராமரிப்புச் சபையில் மாதக் கொடுப்பனவு கேட்டு முறையிடலாம். படிவத்துக்குப் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள்.