மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் சுவர்ப்படமாக: கான்வாஸா, காகிதமா, அக்ரிலிக்கா?

மாமல்லபுரத்துக் குன்றின் மேல் நிற்கும் கல் கோபுரத்தின் படம் இது. ஒரே கோப்பை, ஒரே அளவில், மூன்று விதமாக அச்சிட்டு ஒப்பிட்டிருக்கிறோம்: மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கான்வாஸ், கண்ணாடி போட்ட பிரேமுக்குள் மேட் (பளபளப்பில்லாத) காகிதம், அக்ரிலிக் (கண்ணாடி போல் பளபளக்கும் பிளாஸ்டிக் தகடு). மூன்றும் 24×36 அங்குலம், நெட்டுவாக்கு.

முதலில் படம். இப்போதுள்ள வட்டக் கோபுரத்தில் 1904 முதல் விளக்கு எரிகிறது. அதற்கு முன்பு விளக்கு இருந்தது பக்கத்திலேயே, மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே உள்ள ஒலக்கணேஸ்வரர் கோயிலின் கூரையில். பல்லவர் கட்டிய கோயிலும் வெள்ளைக்காரன் காலத்துக் கோபுரமும் ஒரே படத்தில் அமைவது இந்த ஊரில் மட்டும்தான் கிடைக்கும் பேறு. கடைகளில் விற்கும் பல படங்கள் கோயிலை வெட்டிவிட்டுக் கோபுரத்தை மட்டும் காட்டுகின்றன. அப்படி வெட்டினால் அது எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும் ஏதோ ஒரு லைட் ஹவுஸ். வாங்குவதாக இருந்தால் இரண்டும் சேர்ந்த படத்தையே கேளுங்கள். கடல் கிழக்கே இருப்பதால், அந்தப் பக்கத்திலிருந்து எடுத்த படத்துக்குக் காலை வெயில்தான் சரி. பக்கவாட்டில் விழும் இளவெயிலில் கல்லுக்குக் கல் இடுக்கு நிழல் தெரியும். மாலையில் அதே இடத்திலிருந்து எடுத்தால் கோபுரம் வெறும் கறுப்பு உருவம்தான்.

கான்வாஸ் இந்தப் படத்துக்குச் சரிப்படவில்லை. துணியின் நெசவும் கல்லின் சொரசொரப்பும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எட்டு அடி தள்ளி நின்றால் குறை தெரியாது. மூன்று அடிக்குள் வந்தால் கல் வரிசை எங்கே முடிகிறது, நெசவு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. கோயிலின் நிழல் பக்கம் மொத்தையான கறுப்பாகிவிட்டது. இன்னொரு சிக்கல் மடிப்பு. ஒன்றரை அங்குலக் கட்டையைச் சுற்றி மடிக்க ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலமாவது கூடுதல் படம் வேண்டும். கோபுரத்துக்கு மேலே போதிய வானம் விடாமல் எடுத்திருந்தால் உச்சியில் உள்ள விளக்குக் கூண்டே மடிப்பில் போய்விடும். ஓரத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிடச் சொல்வது இதற்கு மாற்று. முப்பது அங்குலத்துக்கு மேல் நீளமென்றால் நடுவில் குறுக்குக்கட்டை இருக்கிறதா என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கட்டை முறுக்கிக்கொள்ளும். துணி தொய்ந்தால் மூலையில் உள்ள ஆப்புகளை லேசாகத் தட்டினால் இறுகும்.

மேட் காகிதம்தான் நம் தேர்வு. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திக் காகிதம், பிக்மென்ட் (நிறமித் துகள்) மை. கல் கல்லாகவே தெரிகிறது. சாம்பலுக்குள் இருக்கும் மெல்லிய பழுப்பும் தப்பவில்லை. ஆனால் பிரேம் போடுவதில்தான் எல்லாம் கெடும். சுற்றிலும் மூன்று அங்குல மவுண்ட் (படத்துக்கும் பிரேமுக்கும் இடையில் வரும் அட்டை ஓரம்) வைத்தால் உள்ளளவு 30×42 ஆகிறது. அந்த அளவுக்கு 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே ஆறு கிலோ. அதே தடிமன் அக்ரிலிக் ஷீட் போட்டால் மூன்று கிலோவுக்குள் முடியும். மவுண்ட் அமிலமற்றதாக இருக்கட்டும், சாதாரண அட்டை சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் படத்தின் ஓரத்தையும் மஞ்சளாக்கும். மவுண்ட் இல்லாமல் படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து பிரேம் போடுகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஈரக்காற்றில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது.

அக்ரிலிக் அச்சில் வானம் அற்புதம், நீலம் ஆழமாக இறங்குகிறது. ஆனால் எதிரே ஜன்னல் இருந்தால் பகல் முழுக்க ஜன்னலைத்தான் பார்க்க வேண்டும். இருண்ட நடைபாதைக்கு மட்டும் சிபாரிசு.

ஆர்டர் கொடுக்கும் முன் கோப்பைப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவின் 6000×4000 கோப்பு இந்த அளவில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 167 பிக்சல் தரும். ஐந்தடி தூரத்திலிருந்து பார்க்க இது போதும். வாட்ஸ்அப்பில் படமாக வந்த கோப்பு போதாது. 24×36 கேமராவின் 3:2 விகிதத்தோடு அப்படியே பொருந்தும். 16×20 கேட்டால் நீளவாக்கில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும்; போவது உச்சியோ, அடிப்பாறையோ. கீழிருந்து அகல லென்ஸில் எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்தது போல் வரும். அதை மென்பொருளில் நிமிர்த்தும்போது அளவு மீறினால் தலை பெருத்துவிடும். கோபுர விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் கூர்மையை அதிகமாக ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். முழுப்படத்துக்கு முன், கோபுர உச்சியும் வானமும் சேரும் இடத்தை மட்டும் 8×10 துண்டாக, நிஜ அளவில் அச்சிட்டுக் கேளுங்கள். குறை எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடியில் வரட்டும். ஆணி போதாது, இரண்டு இடத்தில் துளையிட்டு பிளக்கும் ஸ்க்ரூவும் போடுங்கள். மழைநீர் ஊறும் வெளிச்சுவரைத் தவிருங்கள். வேறு சுவர் இல்லையென்றால் பிரேமின் கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ் ஒட்டி, பின்னால் காற்றோட இடைவெளி விடுங்கள். பின்பலகை எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஆக இருந்தால் அதுதான் முதலில் ஊதும்.