ப்ளூ ட்ரீமா, ஜாக் ஹெரரா? ஒரே முத்திரை குத்திய இரண்டு கஞ்சா ரகங்கள்

கலிபோர்னியாவிலும் கனடாவிலும் 2018 முதல் பெரியவர்களுக்குக் கஞ்சாவைச் சட்டப்படி விற்கிறார்கள். அங்குள்ள கடைகளில் ரகங்களை மூன்றாகப் பிரித்து அடுக்குவது வழக்கம். சாட்டிவா என்றால் பகலுக்கு, சுறுசுறுப்புக்கு. இண்டிகா என்றால் இரவுக்கு, உறக்கத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் ஹைப்ரிட் எனப்படும் கலப்பு ரகங்கள். அந்தக் கலப்பிலும் ஒரு உட்பிரிவு உண்டு: சாட்டிவா பக்கம் சாய்ந்தவை. மனத்துக்கு உற்சாகம், உடம்புக்கு இதம், இரண்டும் ஒரே பொட்டலத்தில் என்பதுதான் இந்தப் பிரிவுக்கான விற்பனை வாசகம். இதில் அதிகம் அடிபடும் பெயர்கள் இரண்டு, ப்ளூ ட்ரீமும் ஜாக் ஹெரரும். ஒன்று தீர்ந்துவிட்டால் மற்றதை எடுத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. அந்த யோசனையை நான் ஏற்கமாட்டேன். இரண்டும் வேறு வேறு சரக்கு. ஆனால் அந்த வேறுபாட்டுக்கும் சாட்டிவா என்ற முத்திரைக்கும் சம்பந்தம் குறைவு.

வம்சாவளியிலிருந்து தொடங்கலாம். ஜாக் ஹெரரை 1990களில் உருவாக்கியது நெதர்லாந்தின் சென்சி சீட்ஸ் என்ற விதை நிறுவனம். கஞ்சா மீதான தடையை நீக்கக் கோரி வாழ்நாள் முழுவதும் போராடி 2010இல் மறைந்த அமெரிக்கர் ஒருவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஹேஸ் என்ற பழைய ரகத்தோடு நார்தர்ன் லைட்ஸ், ஷிவா ஸ்கங்க் இரண்டின் ரத்தமும் அதில் கலந்திருக்கிறது. ப்ளூ ட்ரீமுக்கு இப்படி ஒரு பிறப்புச் சான்றிதழ் கிடையாது. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் வட்டாரத்தில் ப்ளூபெரி என்ற ரகத்தையும் ஹேஸையும் கலந்து எடுத்தது என்பது வளர்ப்பாளர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. முதலில் அது விதையாகப் பரவவில்லை. தாய்ச்செடியிலிருந்து வெட்டிய துண்டுகளாகவே கைமாறி, பிறகுதான் விதை வியாபாரிகளிடம் போய்ச் சேர்ந்தது.

ஆக, இரண்டும் ஒரே பாட்டி வீட்டுப் பேரப்பிள்ளைகள். அந்தப் பாட்டியான ஹேஸ், 1970களில் அதே சாண்டா குரூஸ் பகுதியில் கொலம்பியா, மெக்சிகோ, தாய்லாந்து, தென்னிந்தியா ஆகிய இடங்களின் விதைகளைக் கலந்து பிறந்ததாகச் சொல்வார்கள். தென்னிந்திய விதை என்பது கேரளத்து விதை என்றும் சேர்த்துச் சொல்வார்கள். நமக்குப் பக்கத்து ஊர்க் கதை என்பதால் நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கஞ்சா உலகின் பழங்கதைகளில் பாதி விற்பனைக்காகச் சொல்லப்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது.

கஞ்சா மொட்டு ஒன்றைக் கையில் எடுத்து நசுக்கியதுமே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. ப்ளூ ட்ரீமில் முதலில் வருவது பழ இனிப்பு. அது அடங்கியதும் ஈரமண்ணும் மூலிகையும் சேர்ந்த ஒரு கனத்த வாடை தங்கும். ஜாக் ஹெரரில் இனிப்புக்கு இடமில்லை. பைன் மரப் பிசின், எலுமிச்சைத் தோல், மிளகு எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறும். சிலருக்கு அது தரை துடைக்கும் திரவத்தை நினைவூட்டுகிறது, அதுவும் பொய்யில்லை. இந்த வாசனையெல்லாம் டெர்பீன்கள் எனப்படும் எண்ணெய்ச் சேர்மங்களின் வேலை. மிளகு, கிராம்பு, துளசி, மாம்பழம் எல்லாவற்றிலும் இருப்பவைதான் இவை. உலர்ந்த கஞ்சா மொட்டில் மொத்த டெர்பீன் பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம்தான் இருக்கும், ஆனால் ரகத்தின் கைரேகை அதில்தான் இருக்கிறது.

ஆய்வகச் சான்றிதழைப் புரட்டினால் இது இன்னும் தெளிவாகும். வழக்கமான ப்ளூ ட்ரீமில் முதலிடம் மிர்சின் என்ற டெர்பீனுக்கு. அடுத்தடுத்து பைனீன், காரியோஃபிலீன். வழக்கமான ஜாக் ஹெரரில் முதலிடம் டெர்பினோலீனுக்கு. இந்த டெர்பினோலீன் பெரும்பாலான ரகங்களில் பேருக்குத்தான் இருக்கும், அது தலைமை வகிக்கும் ரகங்கள் சிறுபான்மை. அமெரிக்கச் சந்தையிலிருந்து கிட்டத்தட்ட 90,000 மாதிரிகளின் ஆய்வக முடிவுகளை அலசி 2022இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியான ஆய்வு, அங்கு விற்கும் கஞ்சாவை டெர்பீன் அடிப்படையில் மூன்று பெருங்குழுக்களாகப் பிரித்தது. காரியோஃபிலீனும் லிமோனீனும் மிகுந்தவை ஒரு குழு, மிர்சினும் பைனீனும் மிகுந்தவை இன்னொன்று, டெர்பினோலீனும் மிர்சினும் மிகுந்தவை மூன்றாவது. ப்ளூ ட்ரீம் இரண்டாவதில் விழுகிறது, ஜாக் ஹெரர் மூன்றாவதில். கடை அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை, வேதியியலில் வேறு வேறு வீடு.

இங்கே ஒரு வேடிக்கை. மிர்சின் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அது இண்டிகா, படுக்கையில் தள்ளிவிடும் என்று ஒரு விதி கஞ்சா உலகில் நெடுநாளாக உலவுகிறது. அதற்கு ஆய்வு ஆதாரம் எதுவும் இல்லை. ஆதாரம் இருந்திருந்தால் மிர்சின் தலைமையிலான ப்ளூ ட்ரீமை இண்டிகா அலமாரிக்கு மாற்றியிருக்க வேண்டும். அது பல ஆண்டுகளாகச் சாட்டிவா பக்கத்திலேயே விற்று, அமெரிக்காவில் மிக அதிகம் விற்கும் பெயர்களில் ஒன்றாகவும் இருக்கிறது. விதியை நம்புபவர்களும் அதை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, உட்கொண்டால் என்ன ஆகிறது? பயனாளர்கள் பரவலாகச் சொல்வதைத் தொகுத்தால் இப்படி வருகிறது. ப்ளூ ட்ரீம் மெதுவாக ஏறுகிறது. முதலில் தோளும் கழுத்தும் தளர்கின்றன, பிறகு மனம் லேசாகிறது. சமைத்துக்கொண்டோ பாட்டுக் கேட்டுக்கொண்டோ இருக்கலாம். அளவு கூடினால் கண் செருகும், சோபாவை விட்டு எழ மனம் வராது. ஜாக் ஹெரர் சட்டென்று ஏறுகிறது. பேச்சு பெருகும், யோசனைகள் ஒன்றன் மேல் ஒன்றாக வரும், ஓசைகள் கூர்மையாகக் கேட்கும். அளவு கூடினால் இது மந்தத்தில் முடிவதைவிடப் படபடப்பில் முடிவதுதான் அதிகம்: நெஞ்சு அடித்துக்கொள்வது, யாரோ கவனிக்கிறார்கள் என்ற சந்தேகம், ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சுழல்வது. நா வறட்சி, கண் சிவத்தல், நேரம் நீண்டுபோன உணர்வு, சற்று முன் சொன்னது மறந்துபோவது ஆகியவை இரண்டுக்கும் பொது.

இந்த வருணனைகளில் எவ்வளவு வேதியியல், எவ்வளவு எதிர்பார்ப்பு? பாதிக்குப் பாதி என்று சொல்லக்கூட எனக்குத் துணிவில்லை. சுறுசுறுப்பு தரும் என்று எழுதிய பொட்டலத்தைத் திறப்பவர் சுறுசுறுப்பைத் தேடிக்கொண்டேதான் திறக்கிறார். டெர்பீன்கள் போதையின் குணத்தை மாற்றுகின்றன என்ற கருத்து கவர்ச்சியானது, ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சொற்பம். உருப்படியானவற்றில் ஒன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்டது. கஞ்சாவின் முக்கியப் போதைச் சேர்மமான டி.எச்.சி.யை ஆவியாக உள்ளிழுத்தபோது கிளம்பும் பதற்றத்தை, கூடவே கொடுத்த லிமோனீன் குறைத்தது. ஆனால் பலன் தெளிவாகத் தெரிந்தது லிமோனீனை அதிக அளவில் கொடுத்தபோதுதான். டெர்பினோலீன் மனத்தைத் தெளிவாக்கும் என்பதற்கு இதைப்போல ஒரு சோதனையை யாரும் காட்டுவதில்லை.

சந்தேகமில்லாமல் வேலை செய்வது டி.எச்.சி. 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் பிரித்தெடுத்த அதே மூலக்கூறு, மூளையின் சி.பி.1 ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. ப்ளூ ட்ரீம், ஜாக் ஹெரர் இரண்டிலும் அது பொதுவாக 20 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. போதை தராத இன்னொரு சேர்மமான சி.பி.டி. இரண்டிலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே கலப்பு ரகம் என்பதால் மட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கால் கிராம் மொட்டு, 20 சதவீதம் டி.எச்.சி. என்றால் உள்ளே இருப்பது 50 மில்லிகிராம். புகைக்கும்போது அதில் 10 முதல் 35 சதவீதம் வரைதான் ரத்தத்தில் சேர்கிறது, அதாவது 5 முதல் 17 மில்லிகிராம். ஒரே சுருட்டிலிருந்து ரத்தத்தில் சேரும் அளவு, இழுப்பவரின் மூச்சைப் பொறுத்து மூன்று மடங்குக்கு மேல்கூட வேறுபடுகிறது. ப்ளூ ட்ரீமுக்கும் ஜாக் ஹெரருக்கும் இடையிலான வேறுபாட்டை நாலு இழுப்பு அதிகமாக இழுத்து அழித்துவிடலாம் என்று பொருள்.

இந்த இரண்டுக்கும் மாற்றாக முன்வைக்கப்படும் சோர் டீசல் என்ற ரகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் வாடை, காரியோஃபிலீனும் லிமோனீனும் மிகுந்த முதல் குழு, ஜாக் ஹெரரைப்போல வேகமாக ஏறும் என்ற பெயர். அதுவும் சாட்டிவா சாய்ந்ததாகவே விற்கிறது. மூன்று வேதியியல் குழுக்களிலிருந்தும் ஒவ்வொன்று, அலமாரி மட்டும் ஒன்று!

அந்த அலமாரி முத்திரையை மரபணு ஆய்வும் காப்பாற்றவில்லை. 2021இல் நேச்சர் பிளான்ட்ஸ் இதழில் வந்த ஆய்வு, சாட்டிவா என்றும் இண்டிகா என்றும் பெயரிடப்பட்ட மாதிரிகளை ஒட்டுமொத்த மரபணுவை வைத்துப் பிரிக்க முடியவில்லை என்றது. சில டெர்பீன்களை உருவாக்கும் மரபணுக்களோடு மட்டும் அந்தப் பெயர்களுக்குத் தொடர்பு தெரிந்தது. வளர்ப்பவர்கள் மோந்துபார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ரகப் பெயருக்கும் முழு உத்தரவாதம் இல்லை. ஒரே பெயரில் விற்ற மாதிரிகளுக்குள் மரபணு வேறுபாடு இருந்ததை அமெரிக்க ஆய்வொன்று 2019இல் காட்டியது. ஜாக் ஹெரர் விதையிலிருந்தே ஒன்றுக்கொன்று வேறான செடிகள் முளைப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. போதாக்குறைக்கு, கொலராடோ கடைகளிலிருந்து வாங்கிய பூக்களைச் சோதித்து 2023இல் வெளியிட்டபோது, பெரும்பாலானவற்றில் அட்டை சொன்ன அளவுக்கு டி.எச்.சி. இல்லை. அதிக எண் அதிக விலைக்குப் போகும் சந்தையில் இது ஆச்சரியமில்லை.

எனவே சான்றிதழிலும் பொட்டலத்திலுமாக மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்வேன். முதல் இடம் டி.எச்.சி. வரி. பச்சைப் பூவில் அது பெரும்பாலும் டி.எச்.சி.ஏ. என்ற அமில வடிவில் இருக்கும். அதை 0.877ஆல் பெருக்கினால்தான் சூடேறிய பின் கிடைக்கும் அளவு தெரியும். 24 என்று எழுதியிருந்தால் உண்மையில் சுமார் 21. இரண்டாவது, டெர்பீன் பட்டியலின் முதல் மூன்று வரிகள். ஜாக் ஹெரர் என்ற பெயர் இருந்து டெர்பினோலீன் அடியில் எங்கோ கிடந்தால், அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாவது இடத்துக்குக் கடைசியில் வருகிறேன். சான்றிதழே இல்லாமல் கைமாறும் சரக்கில் ரகப் பெயர் வெறும் சத்தம். சட்டம் தடுக்கும் இடங்களில் இந்த ஒப்பீட்டுக்கே வேலையில்லை.

தின்பண்டமாக வாங்குபவர்களுக்கும் வேலையில்லை. பல மிட்டாய்களிலும் கேக்குகளிலும் சேர்ப்பது சுத்திகரித்த டி.எச்.சி. எண்ணெய், அதில் செடியின் டெர்பீன் அநேகமாக மிஞ்சுவதில்லை. உறையில் ப்ளூ ட்ரீம் என்று இருந்தாலும் உள்ளே இருப்பது பெயர் மட்டுமே. தவிர, புகை சில நிமிடங்களில் ஏறி இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கும். தின்றால் ஏறவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும், கல்லீரல் அதை இன்னும் வீரியமான வடிவமாக மாற்றும், இறங்க எட்டு மணி நேரம்கூட ஆகலாம். ஏறவில்லையே என்று இரண்டாவது துண்டை எடுத்து அவசர சிகிச்சைப் பிரிவு வரை போனவர்கள் உண்டு.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்றால், பழக்கமில்லாதவருக்கும் பதற்ற சுபாவம் உள்ளவருக்கும் ஜாக் ஹெரரை நான் சொல்லமாட்டேன். ப்ளூ ட்ரீம் தவறினால் தூக்கத்தில் முடியும், ஜாக் ஹெரர் தவறினால் ஒரு மணி நேரப் பயத்தில் முடியும். பழகியவர், பகலில், ஒன்றிரண்டு இழுப்போடு நிறுத்தத் தெரிந்தவர் என்றால் ஜாக் ஹெரரின் துடிப்பு பிடித்திருக்கும். வாசனையிலும் எனக்கு அதுவே உயர்ந்தது. ஆனால் தெளிவான மனம்தான் நோக்கம் என்பவருக்கு ஹார்லிக்வின் போன்ற ரகம் இரண்டையும்விடப் பொருத்தம். அதுவும் சாட்டிவா சாய்ந்ததே, சி.பி.டி. மிகுந்து டி.எச்.சி. குறைந்தது. சி.பி.டி. வந்து டி.எச்.சி.யை அடக்குகிறது என்று விற்பவர்கள் சொல்வார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2022இல் அதைச் சோதித்து, 10 மில்லிகிராம் டி.எச்.சி.யோடு மூன்று மடங்கு சி.பி.டி. கொடுத்தும் அப்படி ஒரு பாதுகாப்பைக் காணவில்லை. ஹார்லிக்வின் மென்மையாக இருப்பதன் காரணம் அதில் டி.எச்.சி. குறைவு என்பதே.

இன்னொரு எண்ணையும் சொல்லிவிட வேண்டும். 2019இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வில் 10 சதவீதம் டி.எச்.சி.யும் அதற்கு மேலும் இருந்தாலே வீரியம் மிகுந்தது என்று வகுத்தார்கள். அத்தகைய கஞ்சாவைத் தினமும் பயன்படுத்தியவர்களிடம் மனச்சிதைவு வகை நோய்க்கான வாய்ப்பு, ஒருபோதும் தொடாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. ப்ளூ ட்ரீமும் ஜாக் ஹெரரும் அந்தக் கோட்டுக்கு இரு மடங்கு உயரத்தில் நிற்கின்றன. குடும்பத்தில் அப்படி நோய் உள்ளவர்கள், இருபதுகளின் தொடக்கத்தைத் தாண்டாதவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் ஆகியோருக்கு எது மேல் என்ற கேள்விக்கு எந்தப் பதிலும் பொருந்தாது. வண்டி ஓட்டுவதும் அப்படித்தான். தலை தெளிவாக இருப்பதாகத் தோன்றும் ஜாக் ஹெரரின் போதையில்தான் ஓட்டலாம் என்ற நினைப்பு வரும், அந்த வகையில் அது ப்ளூ ட்ரீமைவிட ஆபத்தானது.

பார்க்க வேண்டிய மூன்றாவது இடம், உறையில் இருக்கும் பொட்டலம் கட்டிய தேதி. மிர்சின், பைனீன், டெர்பினோலீன் எல்லாமே எளிதில் ஆவியாகிப் பறப்பவை, வெளிச்சத்திலும் சூட்டிலும் இன்னும் வேகமாக. டி.எச்.சி.யும் காலப்போக்கில் சி.பி.என். என்ற வலுக்குறைந்த சேர்மமாகச் சிதைகிறது. ஓராண்டு அலமாரியில் வெயில் பட்டுக் கிடந்த ப்ளூ ட்ரீமையும் ஜாக் ஹெரரையும் நசுக்கி மோந்துபார்த்தால் இரண்டிலும் காய்ந்த வைக்கோல் வாடைதான் வரும். தள்ளுபடி விலையில் வைப்பது பெரும்பாலும் அவற்றைத்தான்.