எண்ணிக்கையா, வரிசையா?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் அம்மாவின் பொம்தாமூர் (தக்காளி) செடியில் இலையெல்லாம் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகி, நுனி நூல்போல் சுருங்கியது. வைரஸால் வரும் தேமல் நோய்தான், ஆனால் எந்தத் தேமல்? பழைய வழியில் வைரஸின் உறைப் புரதத்தை அமிலத்தில் 110 டிகிரியில் வேகவைத்து, எந்த அமினோ அமிலம் எத்தனை என்று எண்ணுவார்கள். புகையிலைத் தேமல் வைரஸின் உறைப் புரதத்தில் உள்ள 158 அமினோ அமிலங்களில் ஹிஸ்டிடினும் மெத்தியோனினும் ஒன்றுகூடக் கிடையாது. உறவான ரிப்கிராஸ் தேமல் வைரஸில் இரண்டும் உண்டு. எவ்வளவு அழகான அடையாளம்! ஆனால் வேகும்போதே டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் அழிந்துவிடும், அப்புறம் ‘கதவு’க்கும் ‘தகவு’க்கும் எழுத்துக் கணக்கு ஒன்றுதானே, அந்த மாதிரி இடம் மாறியதை எண்ணிக்கை காட்டாது. மரபணு வரிசை காட்டும். இந்த வைரஸ் கூட்டத்தில் வரிசையின் மொத்த ஒற்றுமை 90 சதவீதத்துக்குக் கீழே போனால் தனி இனம். நான் வரிசைப் பக்கம்தான்.