இரண்டு குட்டை பிர்ச்: இலையை நம்பாதீர்கள், கிளையைப் பாருங்கள்

பிர்ச் என்றதும் வெள்ளைப் பட்டையோடு நெடுநெடுவென நிற்கும் மரம்தான் நினைவுக்கு வரும். வட துருவத்தை ஒட்டிய மரமற்ற குளிர்நிலமான துந்திராவில் அதன் உறவுகள் முழங்கால் உயரப் புதர்களாகவே வாழ்ந்துவிடுகின்றன. அவற்றில் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு, பெட்டுலா நானாவும் பெட்டுலா கிளாண்டுலோசாவும். முன்னதற்கு 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயரிட்டார். பின்னதற்கு 1803-இல் இன்னொரு தாவரவியலாளர் மிஷோ.

உயரத்தை வைத்துப் பிரிக்க முடியாது. நானா பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டாது. கிளாண்டுலோசா ஒதுக்கமான இடத்தில் இரண்டு மூன்று மீட்டர் வளரும். ஆனால் காற்று அறையும் மேட்டில் அதுவும் தரையோடு தரையாகப் படர்ந்துவிடும். இலையும் அரைகுறைச் சாட்சிதான். நானாவின் இலை கிட்டத்தட்ட வட்டம், பல சமயம் நீளத்தைவிட அகலம் கூடுதல். கிளாண்டுலோசாவின் இலை சற்றுப் பெரிது, 3 செ.மீ. வரை போகும். இரண்டுக்கும் ஓரம் மழுங்கிய பற்கள்தான்.

நான் நம்புவது இளங்கிளையை. ஐரோப்பிய நானாவின் இளங்கிளையில் மென்மையான ரோமம் இருக்கும். கிளாண்டுலோசாவின் கிளை முழுக்கப் பிசின் சுரப்பிகள், மரு மருவாக. விரலால் தடவினாலே வேறுபாடு தெரியும். சைபீரியா, அலாஸ்கா பக்கம் வளரும் நானாவின் எக்ஸிலிஸ் துணையினம்தான் சிக்கல்: அதில் ரோமம் குறைவு, பிசின் சுரப்பிகளும் உண்டு. அதைத் தனி இனமாகவே வைத்தவர்களும் இருக்கிறார்கள்.

வாழிடமும் கொஞ்சம் உதவும். ஸ்காட்லாந்து மலைகள், ஸ்காண்டிநேவியா, ஐஸ்லாந்து என்றால் நானாதான். கிளாண்டுலோசா வட அமெரிக்கச் செடி. மலைத்தொடர்களைப் பிடித்துக்கொண்டு கொலராடோ, கலிபோர்னியா வரை இறங்குகிறது. கிரீன்லாந்தில் இரண்டுமே உண்டு, தெற்கே கிளாண்டுலோசா. எல்லைகள் தொடும் இடத்தில் இரண்டும் கலந்து கலப்பினங்கள் பிறக்கின்றன. அங்கே ஒற்றைக் கிளையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது.

இந்த அடையாளத்துக்கு இன்று அவசரம் கூடியிருக்கிறது. ஆர்க்டிக் சூடாக ஆக, இரண்டுமே பரவுகின்றன. அலாஸ்காவின் டூலிக் ஏரிப் பகுதியில், சூடாகும் மண்ணில் சத்து கூடினால் என்னாகும் என்று பார்க்க உரமிட்டுச் செய்த நீண்டகாலச் சோதனைகளில், நானா தன் குறுந்தளிர்களை (நீளாமல் இலை மட்டும் விடுபவை) நெடுந்தளிர்களாக (நீண்டு கிளையாகுபவை) மாற்றி, புற்களை மூடி மேலெழுந்தது. வட கியூபெக்கிலோ, பழைய வான்படங்களைப் புதியவற்றோடு ஒப்பிட்டபோது புதர் அடர்ந்திருப்பது தெரிந்தது; அங்கே முன்னணியில் நிற்பது கிளாண்டுலோசா. புதர் உயர்ந்தால் பனியைத் தேக்கும், வெயிலைக் கூடுதலாக உறிஞ்சும், கீழே உறைந்த மண்ணின் வெப்பநிலையும் மாறும். ஆகவே களக்குறிப்பில் வெறுமனே ‘குட்டை பிர்ச்’ என்று எழுதாமல், இனப்பெயரையும் கிளையில் கண்டது ரோமமா சுரப்பியா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.