விரிவாக்கத்துக்குப் பிறகு எங்கள் ஆலை: வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு

ஒரு உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தில் செல் வளர்ப்புப் பிரிவில் இருக்கிறேன். புதுக் கட்டடம் திறந்து ஆள் எடுக்கிறார்கள். உள்ளே எப்படி என்று பலர் கேட்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது புதிய பயோரியாக்டர்கள், அதாவது செல்களை வளர்க்கும் கலன்கள். முன்பு எஃகுத் தொட்டிகள். ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் கழுவி, நீராவியில் கிருமி நீக்கி, அது சரியாக நடந்ததா என்று சோதிப்பதற்குள் ஷிப்டே போய்விடும். இப்போது ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பை பொருத்திய 2,000 லிட்டர் கலன்கள். பிளாஸ்டிக் கழிவு கூடியது உறுத்துகிறது. ஆனாலும் செல்களைக் கவனிக்க நேரம் கிடைக்கிறது. நாங்கள் வளர்ப்பது சீன வெள்ளெலியின் சூலகச் செல்கள். எங்களுக்கு வேண்டிய புரதத்தை அவைதான் உருவாக்குகின்றன. 37 டிகிரி வெப்பமும் 7-ஐ ஒட்டிய பிஎச்சும் (அமில-காரத் தன்மையின் அளவு) பிசகினால் புரத விளைச்சல் அடிவாங்கும்.

குறை பயிற்சியில்தான். கிருமியற்ற அறைக்குரிய உடையைச் சரியாக அணியும் சோதனையில் தேறாமல் யாரும் உள்ளே போக முடியாது. பயிற்றுநர்கள் போதாததால் புதியவர்கள் வெளியே உட்கார்ந்து செயல்முறை ஆவணங்களையே படித்துக்கொண்டிருக்கிறார்கள். இயந்திரம் வாங்கும்போதே இதை யோசித்திருக்க வேண்டும்.

அப்புறம், முனைவர் பட்டம் தேவை என்று பயந்து ஒதுங்காதீர்கள். சுத்திகரிப்பு நீர் அமைப்பு, கருவிப் பராமரிப்பு, ஆவணச் சரிபார்ப்பு, கிடங்கு என டிப்ளமோ படித்தவர்களுக்கும் நல்ல இடங்கள் உண்டு. நேர்காணலில் ஒப்பந்த வேலையா, நிரந்தரமா என்று கேளுங்கள். இரவு ஷிப்டையும் கேளுங்கள். செல்கள் ஞாயிற்றுக்கிழமையும் வளரும்.