முப்பது சென்ட் கல்லும் ஒரு லென்ஸும்

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முப்பது சென்ட்டில் (வைர எடையில் நூறு சென்ட் ஒரு கேரட்) ஒற்றைக்கல் வைர மோதிரம் ஒன்று எடுப்பதற்காக, தருமபுரி நான்கு ரோட்டுக்கு அருகிலுள்ள நகைக்கடை ஒன்றுக்குப் போன மாதம் சென்றிருந்தோம். மாடியில் வைரத்துக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. கூரை முழுவதும் விளக்குகள் எரியும் அந்த வெளிச்சத்தில் எந்தக் கல்லும் சுடர்விடத்தான் செய்யும்.

"வி.வி.எஸ். கல்லையே எடுங்கள்" என்றுதான் விற்பனையாளர் பேச்சைத் தொடங்கினார். கல்லுக்குள் இயற்கையாகவே அமைந்துவிட்ட புள்ளி, கீற்று, மேகம் போன்றவற்றைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துத் தரப்படும் தூய்மைத் தரத்தில், அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ.வின் அளவுகோலின்படி, குறையே தென்படாத எஃப்.எல். முதல் குறை பளிச்செனத் தெரியும் ஐ3 வரை 11 படிகள் உள்ளன. அவற்றில் வி.வி.எஸ். என்பது, தேர்ந்தவர்களே லென்ஸ் வைத்துச் சிரமப்பட்டுக் கண்டுபிடிக்கும் அளவுக்கு நுண்ணிய குறை உள்ள கல். விரலில் போட்ட பிறகு அதற்கும் அடுத்த தரமான வி.எஸ். கல்லுக்கும் உள்ள வேறுபாடு விலைச்சீட்டில் மட்டுமே தெரியும்.

லென்ஸ் கேட்டதும் முகம் சுளிக்காமல் தந்தார்கள். இதைப் பாராட்டியே ஆக வேண்டும். வி.எஸ்.ஸுக்கு அடுத்த படியான எஸ்.ஐ.1 தரம் என்று காட்டிய இரண்டு கற்களில், ஒன்றின் மேல்முகத்துக்கு நேர் கீழே கரும்புள்ளி ஒன்று இருந்தது. பட்டைகளில் எதிரொளித்து அது நான்கைந்தாகத் தெரிந்தது. மற்றொன்றில் வெண்கீற்று ஒன்று விளிம்பு வரை ஓடியிருந்தது. கம்பியை அழுத்திப் பதிக்கும்போது அந்த இடத்தில் கல் சிதறக்கூடும். (காக்கைக் கால் போன்ற கீற்றைக் காகபாதம் என்று நம் பழைய ரத்தின நூல்களும் குற்றமாகவே வைத்திருந்தன.) இரண்டும் ஒரே தரம்தான், ஆனால் குறை ஒன்றல்ல. ஒரு கேரட்டுக்குக் குறைந்த கற்களின் சான்றிதழ்கள் பலவற்றில் குறை இருக்கும் இடத்தைக் காட்டும் படம் இருப்பதில்லை என்பதால், லென்ஸ் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கடைசியில், ஓரமாகச் சிறு வெண்புள்ளி மட்டும் கொண்ட வி.எஸ்.2 கல் ஒன்றை எடுத்தோம். படிக்கட்டு ஜன்னலருகே பகல் வெளிச்சத்தில், புறங்கையில் வைத்துப் பார்த்தபோது வெறுங்கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை.

கடையின் குறை ரசீதில்தான் இருந்தது. கல்லின் இடுப்பில் (சுற்று விளிம்பில்) லேசரால் பொறித்த எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிட்டுக் காட்டுவதற்கே நாங்கள் இருமுறை கேட்க வேண்டியிருந்தது. ரசீதிலோ 'வைரம் 0.30' என்பதோடு நிறுத்தியிருந்தார்கள். தூய்மைத் தரத்தையும் சான்றிதழ் எண்ணையும் சேர்த்து வேறு ரசீது போடும் வரை இருபது நிமிடம் காத்திருந்தே கிளம்பினோம்.