கேமரா சோறு போடுமா? கோலாலம்பூரில் மூன்று வழிகள்

போன மாதம் அக்காள் மகன் செந்தூல் வீட்டுக்கு வந்தான். தவணையில் வாங்கிய கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு, "மாமா, கடை வேலையை விட்டுவிடலாமா?" என்று கேட்டான். அவன் எடுத்த படங்களைப் பார்த்தேன். நன்றாகவே எடுக்கிறான். அதனால்தான் பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. "ஆடி மாதத்தில் உன் கைக்கு எவ்வளவு வரும்?" என்று திருப்பிக் கேட்டேன். அவன் விழித்தான். அன்று இரவு அவனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டூடியோவில் சம்பளத்துக்குச் சேருவது முதல் வழி. மலேசியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). புதியவருக்கு அதை ஒட்டித்தான் கொடுப்பார்கள். அதில் 187 வெள்ளி ஊழியர் சேமநிதிக்குப் போகும். முதலாளி தம் பங்காக 221 வெள்ளி போடுவார். சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புக் காப்பீடும் உண்டு. தனியாகத் தொழில் செய்பவனுக்கு இந்த 221 வெள்ளியை யாரும் போட மாட்டார்கள் என்பதை இளைஞர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வேலை என்னவோ பெரும்பாலும் கணினி முன்னால்தான்: நிறம் திருத்துவது, ஆல்பம் அடுக்குவது, கடப்பிதழ் படம் எடுப்பது. சலிப்பாக இருக்கும். ஆனால் பிறர் எடுத்த இரண்டாயிரம் படங்களில் நானூறைத் தேர்ந்தெடுக்கும்போது கண் பழகுகிறதே, அதற்கு ஈடான பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததில்லை. ஆடியிலும் சம்பளம் வரும்.

இரண்டாவது வழி கல்யாணம். ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் வருகிறார்கள். பணமும் இங்கேதான் மொத்தமாக வருகிறது. ஆனால் தையிலும் ஆவணியிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று பேர் அழைப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் தொலைபேசி வாய் திறக்காது. புரட்டாசியிலும் பல குடும்பங்கள் தயங்கும். ஆண்டில் கிட்டத்தட்ட மூன்று மாதம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டும்.

புதியவர் இதில் இரண்டாவது கேமராவாகத்தான், அதாவது முதன்மைப் படக்காரருக்குத் துணையாகத்தான் நுழைய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கெட்டிமேளம் கேட்டதும் உறவினர்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்துவிடுவார்கள். மண்டபத்து நீல விளக்கு மணப்பெண்ணின் கன்னத்தில் விழும். ஹோமப் புகை லென்ஸுக்கு நேராக எழும். மூன்று முடிச்சும் சில நொடிகளில் முடிந்துவிடும். முதல் கேமரா தாலியைப் பார்க்கும். இரண்டாவது கேமரா பெண்ணின் அப்பாவைப் பார்க்க வேண்டும். அட்சதையை வீச மறந்து, மூடிய கையோடு அவர் நிற்பாரே, அந்தப் படத்தைத்தான் பத்து வருடம் கழித்தும் அந்தக் குடும்பம் எடுத்துப் பார்க்கும். அந்த இடத்தில் தவறினால் 'இன்னொரு முறை கட்டுங்கள்' என்று யாரிடமும் கேட்க முடியாது. ஒரே படம் இரண்டு மெமரி கார்டுகளில் பதிவாகும் கேமரா இல்லாமல் கல்யாணப் பொறுப்பைத் தனியாக ஏற்கக் கூடாது.

கூலி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நான் தொடங்கிய காலத்தில் ஒரு ஸ்டூடியோவுக்காக நான்கு கல்யாணங்களுக்கு இரண்டாவது கேமரா பிடித்தேன். இரண்டுக்கான கூலி இன்றுவரை வரவில்லை. எல்லாம் வாய்ப்பேச்சு, கேட்க என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. அதன் பிறகு தொகையையும் தேதியையும் எழுத்தில் வாங்காமல் நான் மண்டபத்துக்குப் போனதில்லை.

மூன்றாவது வழியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சிறு வியாபாரிகளுக்குப் பொருள் படமும் சாப்பாட்டுப் படமும் எடுத்துக் கொடுப்பது. பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை, மஸ்ஜித் இந்தியாவில் புடவைக் கடை, வீட்டிலிருந்தே முறுக்கு விற்கும் அக்காமார்கள் என எல்லாருக்கும் இப்போது கைப்பேசியில் காட்டப் படம் வேண்டும். ஒரு வேலைக்குக் கிடைப்பது கல்யாணத்தில் கிடைப்பதைவிடக் குறைவுதான். ஆனால் அதே கடை அடுத்த மாதமும் அழைக்கும். கல்யாண வேலை குறைகிற புரட்டாசியில்தான் தீபாவளிப் பலகாரத்துக்கும் புடவைக்கும் படம் கேட்டு ஆள் தேடுகிறார்கள். ஒன்றின் பள்ளத்தை இன்னொன்று நிரப்புகிறது.

செலவும் குறைவு. 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, ஜன்னலோர மேசை, எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைத் திருப்ப ஒரு வெள்ளை அட்டை. சுடுசோறு பட்டால் வாழை இலையின் பச்சை சீக்கிரம் மங்கிவிடும். ஆகவே முதலில் காலி இலையை வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்துவிட்டு, பிறகு சோறு போடச் சொல்ல வேண்டும். குழம்பு கடைசியில்தான். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு முழு மதியமும் கடைக்காரரின் பொறுமையும் செலவாயின.

இணையப் படக் களஞ்சியங்களில் விற்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். ஷட்டர்ஸ்டாக் என்ற களஞ்சியம் 2020 ஜூனில் கொண்டுவந்த முறையில், ஒரு பதிவிறக்கத்துக்குப் படமெடுத்தவருக்குக் கிடைப்பது 10 அமெரிக்க சென்ட் வரைகூட இறங்கலாம். பத்துமலையின் 272 படிகளை ஏற்கனவே எத்தனை பேர் படமெடுத்து ஏற்றியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதை நம்பி வாடகை கட்ட முடியாது.

எந்த வழியானாலும் சட்டம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் கேட்டு எடுத்துக் கொடுத்த படத்தின் உரிமை, மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்கே போய்விடும். சம்பளத்துக்கு எடுத்ததும் அப்படியே, முதலாளிக்குப் போகும். உன் படத்தை உன் விளம்பரத்தில் போட வேண்டுமானால் அதையும் எழுதி வாங்கு என்று மருமகனிடம் சொன்னேன். தொழிலைப் பதிவு செய்வது எளிது: சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60.

எனக்கு இவற்றில் பிடித்தது கல்யாணம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் புதியவர் ஒருவர் அதை மட்டும் நம்பி வேலையை விடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஸ்டூடியோ வேலை கிடைத்தால் கடையை விட்டு அதற்கு மாறலாம். கிடைக்காவிட்டால் கடைச் சம்பளம் இருக்கட்டும். ஞாயிறுகளில் இரண்டாவது கேமரா, ஓய்வு நேரத்தில் சாப்பாட்டுப் படம். வெளியிலிருந்து வரும் பணம் ஓர் ஆடியையும் ஒரு மார்கழியையும் தாங்கிவிட்டால் அப்போது வேலையை விடுவதைப் பேசலாம்.

மருமகன் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் போன ஞாயிறு என்னோடு கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்கு வந்து, பெண்ணின் அப்பாவுக்கு எதிரே இடம் பிடித்து நின்றான். வருகிற சனிக்கிழமை ரவாங்கில் ஓர் அக்காவின் ஆறு வகை முறுக்கைப் படமெடுக்கப் போகிறான். விலையை அவனே எழுதி அனுப்பிவிட்டான். பாதிப் பணம் முன்பணமாக வந்துவிட்டது.